கையில் பட்டா, காலடியில் நிலம்

(அடி அண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



14 கிலோமீட்டர் தூரம் வெறுங்காலோடு சுற்றிவந்து ஒரு மலையைக் கும்பிடுகிற ஊர் இது. மலையே சாமி என்று நினைக்கிறவர்கள் நீங்கள். மண்ணோடு மனிதனுக்கு உள்ள உறவு பத்திர ஆபீசில் தொடங்குவதில்லை என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அரசாங்கத்தின் பெயரில் இருக்கும் பொது நிலத்தைப் பழங்குடி மக்களுக்கு ஒப்படைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நில அளவை வேலையில் தலை நரைத்தவன் நான். எத்தனையோ பட்டாக்கள் மேடையில் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எத்தனை நிலமாக மாறின என்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நிலம் கொடுப்பது ஒரு நாள் வேலை இல்லை. எந்த நிலம் என்பதை அந்த மக்கள் முடிவு செய்ய வேண்டும். அதை அளந்து கல் நட வேண்டும், கிராமக் கணக்கில் ஏற்ற வேண்டும், வழியும் தண்ணீரும் சேர்க்க வேண்டும், பிறகு அது வேறு கைக்குப் போகாமல் காக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கொடுத்தது காகிதம் மட்டுமே.

நம் மாவட்டத்து மக்கள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பட்டியலில் 36 சமூகங்கள் இருந்தன. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நாம் அதிகம் பார்ப்பது இரண்டு சமூகத்தாரை. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர். சமவெளியில் இருளர்கள்.

ஜவ்வாது மலை மக்களின் கதை காட்டோடு சேர்ந்தது. சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர்கள், புளியும் கடுக்காயும் தேனும் எடுக்கிறவர்கள். இருளர்களின் கதை ஏரியோடும் வயலோடும் சேர்ந்தது. வயலில் எலி பிடித்தார்கள், பாம்பு பிடித்தார்கள், மூலிகை அறிந்தார்கள். பிறகு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அண்மைக் காலம் வரை இருளர் குடும்பங்களை ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் மீட்டுக்கொண்டுதான் இருந்தோம். மீட்டு எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வந்தது. போய் இறங்கச் சொந்தமாக ஒரு மனை இல்லாத குடும்பம் அடுத்த சூளைக்கே திரும்பும்.

நிலம் இல்லாதவன் எதற்கெல்லாம் துணிய வேண்டியிருக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் அவர்களில் பலர். ஜவ்வாது மலை ஆட்களும் இருந்தார்கள். தன் மலையில் கௌரவமாகப் பிழைக்க வழி இருந்தால் எவன் அடுத்த மாநிலத்துக் காட்டில் உயிரைப் பணயம் வைப்பான்?

காடு எப்படி அரசாங்கத்துடையது ஆயிற்று

காட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனது எப்படி? 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவிக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கை வெளியிடும். உரிமை இருப்பவர்கள் குறித்த மாதங்களுக்குள் அதற்கென்று அமர்த்திய அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். மனு வரவில்லை என்றால் உரிமை இல்லை என்று பொருள். மலைமேல் இருந்தவனுக்கு எழுத்துத் தெரியாது. கெஜட் என்றால் என்னவென்றும் தெரியாது. கெடு முடிந்தது. அவன் உழுத கொல்லையும், ஆடு மேய்த்த சரிவும், பாட்டன் புதைந்த இடமும் ஒரே கையெழுத்தில் சர்க்கார் காடாகிவிட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு திருத்தப்படவில்லை. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், மாநில அரசு நினைத்தாலும் மத்திய அரசின் அனுமதியின்றிக் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் தர முடியாத நிலை ஏற்பட்டது. காட்டைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் 1882-இல் நடந்த தவறு அதோடு பூட்டிச் சீல் வைக்கப்பட்டது. 2002 மே மாதம் ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நாடு முழுக்கக் குடிசைகள் இடிக்கப்பட்டன. அந்தக் கொந்தளிப்பிலிருந்து பிறந்ததுதான் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்.

பாட்டன் சமாதியும் ஒரு சாட்சி

அந்தச் சட்டத்தின் முகவுரை, பழங்குடி மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஓர் அரசு தன் சட்டப் புத்தகத்திலேயே இப்படி எழுதிவைப்பது லேசான காரியம் இல்லை. ஆகவே அரசு இங்கே கொடையாளி கிடையாது. பழைய கடனைத் தீர்க்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிரிட்டோ குடியிருந்தோ வரும் பழங்குடியினருக்கு, அவர்கள் அனுபவத்தில் உள்ள அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மிகாமல் உரிமை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம். பிள்ளைகளுக்குப் போகும், பிறருக்கு விற்க முடியாது. சிறு வனப் பொருள்களை எடுக்கவும் விற்கவும் உரிமை. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊர் முழுவதும் சேர்ந்து தன் பாரம்பரியக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை. உரிமை கோரல்கள் முடிவாகும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

விசாரணை எங்கே தொடங்குகிறது தெரியுமா? கிராம சபையில். கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். அந்தக் குழுதான் மனுக்களை வாங்கும், நிலத்தைப் போய்ப் பார்க்கும், வரைபடம் போடும். அதன்பின் கோட்ட அளவிலான குழு, மாவட்ட அளவிலான குழு.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி விதிகளில் 13-ஆவது விதி. என்னென்ன ஆதாரம் செல்லும் என்று அது பட்டியல் போடுகிறது. அரசுப் பதிவேடுகள், வரைபடங்கள், வாக்காளர் அட்டை இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீடு, கிணறு, கரை, இடுகாடு, சாமி இடம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் செல்லும். அதாவது குழு காட்டுக்குள் நடக்கும்போது ஒரு கிழவர் முன்னே போவார். இந்தப் புளியமரம் எங்க தாத்தா வச்சது, இந்தக் கல்லுக்குக் கீழே எங்க பெரியப்பனைப் புதைச்சோம், இந்தச் சுனையிலதான் பொங்கலுக்குத் தண்ணி மொண்டோம் என்று கை நீட்டிக் காட்டுவார். கூட வருபவர் ஜி.பி.எஸ். கருவியில் புள்ளி வைப்பார். கெஜட் பேசிய மொழி அந்தக் கிழவரின் பாட்டனுக்குப் புரியவில்லை. இன்று அந்தக் கிழவர் பேசுவதை அரசு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்துக்கு என்ன நேர்ந்தது? 2008-இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. விசாரணைகளை நடத்தலாம், ஆனால் நீதிமன்ற அனுமதியில்லாமல் உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கும்வரை பத்திரங்கள் பீரோவிலேயே கிடந்தன. இடையில் எத்தனை பெரியவர்கள் கண்ணை மூடினார்கள்! அவர்களோடு வாய்மொழிச் சாட்சியும் போனது. 2019 பிப்ரவரி 13-இல் உச்ச நீதிமன்றம், மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்ட மனுக்களைத் திரும்பப் பார்க்கும் வேலை அப்புறம்தான் வேகம் பிடித்தது.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகாவைக் காட்டுவேன். அந்தக் கோண்டு ஊர் 2009-இல் தன் காட்டின் மேல் சமூக உரிமை பெற்றது. 2011-இல் மூங்கில் வெட்டி விற்கும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையே வழங்கத் தொடங்கியது. காடு அழியவில்லை. அந்த வருமானம் ஊருக்கு வந்தது. ஜவ்வாது மலையில் அப்படி ஒரு நாள் வரக் கூடாதா?

ஏரிக்கரையும் மூன்று சென்ட்டும்

காட்டில் இருப்பவர்களுக்கு 2006 சட்டம் இருக்கிறது. ஏரிக்கரையில் இருக்கும் இருளருக்கு? அவருக்கு வருவாய்த் துறையின் நில ஒப்படைதான் வழி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நான் அறிந்த வேலை.

நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்பவருக்கு அங்கேயே பட்டா கொடுக்க முடியாது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நீதிமன்ற உத்தரவுகள் இருக்கின்றன. ஏரி எல்லோருக்கும் வேண்டும். ஆகவே வேறு இடம் தேட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் புரட்டுவார். தீர்வை ஏற்பட்ட தரிசு கிடைத்தால் நல்லது. மேய்க்கால் என்றால் வகைப்பாடு மாற்ற வேண்டும். வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று கோப்பு ஏறும். இதற்கு நடுவில் பழங்குடிச் சாதிச் சான்று வேண்டும். அதைத் தருபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பள்ளிக்கூடமே போகாத குடும்பத்திடம் அப்பாவின் சான்று எங்கே என்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? இதிலேயே வருஷங்கள் கழியும்.

எல்லாம் தாண்டி உத்தரவு வந்து, மேடை போட்டு, பட்டா கையில் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளில் ஒரு சர்வே எண்ணும் 3 சென்ட் என்ற அளவும் இருக்கும். மூன்று சென்ட் என்றால் ஏறத்தாழ 1,307 சதுர அடி. நான்கு மூலை எங்கே? புல வரைபடத்தை விரித்துப் பழைய எல்லைக் கல்லைத் தேட வேண்டும். கல் சீமைக்கருவேலத்துக்குள் புதைந்து கிடக்கும். சில இடத்தில் பிடுங்கியே எறிந்திருப்பார்கள். கல்லைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அளந்து, தெருவுக்கு வழி விட்டு, மனை மனையாக உட்பிரிவு போட்டு, மூலைக்கு ஒரு கல் நட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து நிலக்காரர் வருவார். “இது எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க உழுறது, சார்” என்பார். இன்னொருவர், “ஆடு மாடு எங்க போகும்?” என்பார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேரும். இருளர்கள் ஓரமாக நிற்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேசாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. நாளை காலையில் களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் அதே நிலக்காரரிடம்தான் போக வேண்டும். சர்வேயரும் வருவாய் ஆய்வாளரும் பிறகு பார்க்கலாம் என்று சங்கிலியைச் சுருட்டினால் அந்தப் பிறகு பத்து வருஷம் ஆகும். பட்டா பெட்டியில் இருக்கும். குடும்பம் ஏரிக்கரையில் இருக்கும்.

அளந்தாலும் வேலை முடியவில்லை. ‘தமிழ்நிலம்’ கணினிப் பதிவில் பெயர் ஏற வேண்டும். அ-பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மின் இணைப்பு இல்லை, வீட்டுத் திட்டம் இல்லை. 2023 நவம்பர் 15-இல் மத்திய அரசு தொடங்கிய ஜன்மன் திட்டத்தில், மிகவும் நலிந்த பழங்குடிகள் என்ற பிரிவில் வரும் இருளருக்கு வீடு உண்டு. ஆனால் வீட்டை ஆகாயத்திலா கட்ட முடியும்?

முடியாத காரியம் இல்லை இது. நம் மாவட்டத்திலேயே வந்தவாசி வட்டம் மீசநல்லூரில் நூற்றுக்கும் மேற்பட்ட இருளர் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டி, 2022-இல் ஒரு குடியிருப்பாகவே அமைத்துக் கொடுத்தார்கள். மனையோடு நிற்காமல் மாட்டுக் கொட்டகை, தொழிலுக்கு வழி என்று சேர்த்துச் செய்தார்கள். 2021 நவம்பர் 4-ஆம் தேதி, தீபாவளி நாளில், மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரிக்கு முதலமைச்சரே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். மேலிடம் மனம் வைத்தால் மாதக்கணக்கில் கிடந்த கோப்பு நாள்கணக்கில் நகரும். எந்த அமைச்சரும் எட்டிப் பார்க்காத ஊர்க் கோப்பும் அதே வேகத்தில் நகர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

உடன்படிக்கை எழுதினால் போதுமா

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் பட்டினிச் சாவுகளைத் தொடர்ந்து, சி.கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் குடில் கட்டி உட்கார்ந்தார்கள். 48 நாள் உட்கார்ந்தார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி ஏ.கே. ஆண்டனி அரசு அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. நிலமற்ற குடும்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை. கொடுத்த நிலம் கைமாறாமல் இருக்கச் சட்டம். இந்தியாவில் ஓர் அரசு பழங்குடிகளோடு சரிசமமாக உட்கார்ந்து நிலம் பற்றிப் பேசி முடித்த அரிய தருணம் அது.

ஆனால் சொன்ன வேகத்தில் நிலம் வரவில்லை. 2003 ஜனவரியில் ஆதிவாசிகள் வயநாட்டின் முத்தங்கா காட்டுக்குள் குடியேறினார்கள். பிப்ரவரி 19-ஆம் தேதி போலீஸ் நடவடிக்கையில் துப்பாக்கிச் சூடு. ஓர் ஆதிவாசியும் ஒரு காவலரும் உயிரிழந்தார்கள். மறுபடி 2014-இல் அதே தலைமைச் செயலக வாசலில் 162 நாள் நின்றுகொண்டே போராடினார்கள். பாதி நிறைவேறிய உடன்படிக்கை எத்தனை உயிரையும் காலத்தையும் தின்றது!

கிடைத்த நிலமும் பாருங்கள். கண்ணூர் மாவட்டத்தில் மத்திய அரசின் ஆறளம் பண்ணை ஏறக்குறைய 7,500 ஏக்கர். 2004-இல் கேரளம் அதை விலைக்கு வாங்கி, பாதியைப் பழங்குடிகளுக்குக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கராகப் பிரித்தது. நல்ல முயற்சி. ஆனால் பக்கத்திலேயே வனவிலங்குச் சரணாலயம். யானை இறங்கியது. பலர் யானையால் மாண்டார்கள். பல குடும்பங்கள் நிலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டன. நிலம் கொடுத்தோம் என்று கணக்கில் எழுதலாம். இரவில் நிம்மதியாகப் படுக்க முடியாத நிலத்தில் யார் இருப்பார்?

நியூசிலாந்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் ஒப்பிடுவோம். வைக்காட்டோ பகுதியில் 1860-களின் போருக்குப் பின் மாவோரி மக்களின் நிலத்தை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. 1995-இல் அரசும் அந்த இனக்குழுவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் நிலம் இருந்தது, பணம் இருந்தது, அரசின் மன்னிப்பும் இருந்தது. மொத்த மதிப்பு 17 கோடி நியூசிலாந்து டாலர். அந்த உடன்படிக்கையை அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டமாக்கியது. எலிசபெத் மகாராணி நேரில் வந்து கையெழுத்திட்டார். கேரள உடன்பாடு ஒரு மந்திரிசபையின் வாக்கு. வைக்காட்டோ உடன்பாடு நாட்டின் சட்டம். மந்திரிசபை மாறினால் வாக்கு தளரும். சட்டத்தை மாற்ற மறுபடி சபை கூட வேண்டும். உடன்படிக்கை எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

மலையும் அதன் மக்களும்

உங்கள் ஊரில் பேசும்போது ஆஸ்திரேலியாவின் உலுரு மலையைச் சொல்லாமல் போக முடியாது. பாலைவனத்தின் நடுவே நிற்கும் செந்நிறப் பெரும்பாறை. அனங்கு மக்களுக்கு அது புனிதம். அரசு அதைத் தேசியப் பூங்காவாக வைத்திருந்தது. 1985 அக்டோபர் 26-இல் அரசு அந்த நிலத்தின் உரிமையை அனங்கு மக்களிடமே ஒப்படைத்தது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பூங்காவாகவே திரும்பக் கொடுத்தார்கள். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அவர்களுடையது. உரிமை மக்களிடம், பாதுகாப்பு இருவரிடமும்.

பயணிகள் வருவது நின்றதா? இல்லை. வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் மலைமேல் ஏறுவது தங்கள் மரபுக்கு ஒவ்வாதது என்று அனங்கு மக்கள் பல காலமாகச் சொல்லி வந்தார்கள். நிர்வாகக் குழு 2017-இல் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26-இல் ஏற்றத்தை மூடியது. இப்போது வருகிறவர்கள் மலையின் அடிவாரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். கிரிவலம் தெரிந்த உங்களுக்கு அந்த நடையின் அருமை சொல்லாமலே புரியும். காட்டை மக்களிடம் கொடுத்தால் காடு போய்விடும், மலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு உலுருதான் பதில்.

நம் மாநிலத்திலும் ஒரு பதில் உண்டு. வால்பாறைப் பக்கம் ஆனைமலைக் காப்பகத்துக்குள் கல்லார் என்ற குடியிருப்பில் காடர் மக்கள் இருந்தார்கள். 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து குடியிருப்பு போனது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அவர்கள் அதோடு அடங்கவில்லை. எங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேடு என்ற இடம் பத்திரமானது, அங்கே கொடுங்கள் என்று கேட்டார்கள். அங்கே போய்க் குடிசை போட்டார்கள். அகற்றப்பட்டார்கள். விடவில்லை. 2021-இல் அந்த இடத்துக்கே உரிமை பெற்றார்கள். எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்று அந்தக் காட்டில் பிறந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி நம் அண்ணாமலையின் சரிவிலேயே வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் இறங்கி 7 பேர் மாண்டதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். வேறு இடம் கிடைக்காத ஏழை எங்கே குடியேறுவான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஒப்படைக்கும் நிலம் வெள்ளம் வராத, மண் சரியாத, மனிதர் வாழத்தக்க நிலமாக இருக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத மூலையைப் பழங்குடிக்கு ஒதுக்குவதை ஒப்படைப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

கொடுத்ததைக் காப்பது

கடைசியாக, நம் ஊர்களில் நூறாண்டுக்கு மேலாக நமக்கு முன்னால் நிற்கும் ஒரு பாடம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் 1892-இல் அரசாணை பிறந்து, அவர்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. பத்தாண்டு விற்கக் கூடாது, அதன்பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. எழுத்தில் எவ்வளவு கெட்டியான ஏற்பாடு! ஆனால் கடனுக்கு, கல்யாணச் செலவுக்கு, மிரட்டலுக்கு, கணக்குப்பிள்ளையின் பேனா நுனிக்கு நிலம் கைமாறியது. இன்று எத்தனை பஞ்சமி நிலத்தில் எத்தனை கட்டடம்! 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, செங்கல்பட்டில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் துறந்தார்கள். கொடுத்த நிலத்தை மீட்க உயிரைக் கொடுக்க வேண்டி வந்தது.

பழங்குடி நிலத்துக்கும் இதே ஆபத்துதான். ஆந்திராவின் பழங்குடிப் பகுதிகளில் பழங்குடி அல்லாதவருக்கு நிலம் மாற்றுவதையே 1970-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தடுக்கிறது. அங்கே, பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மலை மக்களின் நிலம் எப்படித் தோட்டமாகவும் ஓய்வு விடுதியாகவும் மாறியது என்பது ஊரறிந்த கதை. திருவண்ணாமலையிலும் மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சென்ட் என்ன விலை என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆசை காட்டவும் அச்சுறுத்தவும் ஆள் வராமலா இருப்பார்கள்? பழங்குடி நிலம் கைமாறாமல் காக்க மாநிலச் சட்டமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஒப்படைப் பட்டாவிலும் நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும். அந்தச் சர்வே எண்ணைப் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் தடைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். தாலுகா ஆபீசில் மட்டும் நிபந்தனை இருந்து, பத்திர ஆபீசில் இல்லாததால்தான் இத்தனை நிலம் வழுக்கிப் போனது.

நாம் செய்ய வேண்டியது

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது, நமக்கு என்ன என்று யாராவது நினைக்கலாம். நான் சொன்னதில் பெரும்பாலான முட்டுக்கட்டை சென்னையிலும் டில்லியிலும் இல்லை. அளக்க வரும் நாளில், வயல் வரப்பில், நம் ஊர்க்காரர் நடுவில்தான் இருக்கிறது.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊராட்சியில் இருளர் குடும்பம் இருந்தால், அவர்களுக்குத் தகுந்த பாதுகாப்பான நிலத்தை ஊரே காட்டி, அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதில் அந்தக் குடும்பத்துப் பெண்கள் எழுந்து, எந்த இடம் வேண்டும் என்று சொல்லட்டும். இரண்டாவது, அளக்க வரும் நாளில் போய் நில்லுங்கள். எதிர்ப்பவர் பக்கத்து நிலக்காரர் என்றால் அவரோடு பேசக்கூடியவர் நீங்கள்தான். கல் நட்டு முடியும்வரை வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மூன்றாவது, படித்த பிள்ளைகள் இணையத்தில் பட்டா ஏறியதா என்று பாருங்கள், சாதிச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுங்கள், ஜவ்வாது மலையில் வன உரிமைக் குழுக்களுக்கு வரைபடம் போட உதவுங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தை இப்போதே எழுதி வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

1882-இல் கெடு தவறியதற்காக ஒரு மக்கள்கூட்டம் நூற்றாண்டுக்கு மேல் தண்டனை அனுபவித்தது. இனி கெடு நம்முடையது. உங்கள் ஊராட்சியில் ஒரு குடும்பமாவது இந்த ஆண்டு ஏரிக்கரையை விட்டு, தானே கேட்டு வாங்கிய மனையில், கல் நட்டு, கணக்கில் பெயர் ஏறி, வீடு கட்டத் தொடங்கட்டும். அதற்கு நான் அளந்து தர வருகிறேன். சங்கிலி பிடிக்க நீங்கள் வாருங்கள்.